நூலகத்தில் ஒரு கண் திறப்பு

ஏற்காட்டில் என் மளிகைக் கடைக்கு நேர் எதிரில் கிளை நூலகம். சேலத்திலிருந்து மலையேறி வந்து கடை போட்ட நாளிலிருந்து, அங்கே வந்த நூலகர்களையும் போன நூலகர்களையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் போவார், பிள்ளைகள் படிப்பு என்று இன்னொருவர் போவார். எங்கேயும் போகாமல் இருந்தது சின்னத்தாயி ஒருத்திதான். அவள் நூலகர் இல்லை. கூட்டிப் பெருக்கி, பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து, பத்திரிகைகளை மேஜையில் விரித்துப் போடுகிற பகுதிநேர வேலைக்காரி. ஆனால் ஏற்காட்டில் யாரையாவது நிறுத்தி லைப்ரரி எங்கே என்று கேட்டால், "நம்ம சின்னத்தாயி இருக்குதே, அங்க" என்றுதான் கை காட்டுவார்கள்.

நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். ஆறு வயதில் பெரியம்மை கண்டது. அந்த வருஷம் அந்த லைனில் எத்தனையோ குழந்தைகள் போய்விட்டன, இவள் பிழைத்துக்கொண்டாள். வலது கண் மட்டும் போயிற்று, முகம் முழுக்கத் தழும்பு. "ஆத்தா உசுர உட்டுட்டுக் கண்ண எடுத்துக்கிட்டாளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வராது.

ஒற்றைக் கண் சகுனத்துக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அது அவள் வாழ்க்கை முழுக்கக் கூடவே நடந்து வந்தது. யாரும் அவளைப் போ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்கு இடமே வைக்கமாட்டாள். பெண் பார்க்கப் போகிறவர்கள், புது வண்டிக்குப் பூஜை போட்டு ஓட்டி வருகிறவர்கள், விதைக் கூடையோடு போகிறவர்கள் என்று யார் எதிரில் வந்தாலும், ரோட்டை விட்டு இறங்கி சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர்கள் கடந்து போனபிறகு வெளியே வருவாள். என் கடைக்கும் அப்படித்தான். காலையில் கடை திறந்ததும் வந்துவிடுவாள், ஆனால் வேறு யாராவது வந்து முதல் போணி செய்கிற வரைக்கும் படியேற மாட்டாள். பனியில் விறைத்துக்கொண்டு தெருவிலேயே நிற்பாள்.

"உள்ளே வந்து வாங்கிட்டுப் போயேன், கடை ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது" என்று நான் கத்துவேன்.

"இருக்கட்டுங்கண்ணா. உங்க யாவாரம் நல்லா நடக்கோணுமில்ல?"

கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாத கோபம், அது வந்தால் யார் மேலாவது விழுந்துதானே ஆகவேண்டும்? கடைப்பையன் மேல் விழும்.

கல்யாணம் ஆகவில்லை. குப்பனூரிலிருந்து ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்களாம். வந்தவர்கள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அம்மா யாரையும் வரச் சொல்லவில்லை. அம்மாவும் போனபிறகு ஏற்காட்டிலேயே ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்துவிட்டாள்.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை. வாழவந்தி, நாகலூர் என்று மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஆரஞ்சும் கொய்யாவும் பீன்ஸும் கட்டிக்கொண்டு வருவார்கள். வரும்போது குழந்தைகளும் கூட வரும். கூடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் வியாபாரம் ஆகாது. அதனால் நேராக நூலகத்துக்குக் கொண்டுவந்து சின்னத்தாயியிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சிறுவர் பகுதி என்று ஒரு அறை உண்டு. அதில் நாலைந்து படப் புத்தகங்கள்தான் இருந்தன. எழுத்துத் தெரியாத குழந்தைகள் படம் பார்க்கப் பிடுங்கிக்கொண்டதில் அவையும் கிழிந்து போக, அப்போது நூலகராக இருந்த ராமசாமி மிச்சத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நல்ல மனுஷர்தான், புத்தகம் கிழிந்தால் சர்க்காருக்குப் பதில் சொல்லவேண்டியவர். ஆனால் பூட்டின பீரோவைப் பார்க்கவா குழந்தைகள் வரும்?

அதனால் சின்னத்தாயி கதை சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கதையை வாரா வாரம் அவளும் பிள்ளைகளுமாக வளர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் பிள்ளை, அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு தானே சந்தைக்குக் கிளம்புகிறாள். வழியில் பனி மூடிக்கொள்கிறது. பழ வாசனைக்கு ஒரு கரடி வந்து நிற்கிறது. பாதிப் பழம் தருகிறேன், தூக்கிக்கொண்டு வந்து வழி காட்டு என்கிறாள் அந்தப் பிள்ளை. கரடி தூக்கிக்கொண்டு வருகிறது. சந்தையில் கரடியைப் பார்த்து எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓட, இவர்கள் இரண்டு பேரும் நடுச் சந்தையில் உட்கார்ந்து பழத்தை உரித்துத் தின்கிறார்கள். கடைசியில் கரடி எப்படி வீட்டுக்குப் போவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரவைத்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

எண்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் என் கடைக்கு வந்து, மூன்றாவது ஆளாகச் சாமான் வாங்கிவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, அந்தக் கதைய அந்த ரூமு செவுத்துல படமா எழுதிப்புட்டா என்னங்க? ஒவ்வொரு பக்கமா, பொஸ்தகம் மாதிரியே. செவுத்த ஆரும் கிழிக்க முடியாதில்லீங்க?"

எனக்கு யோசனை பிடித்துவிட்டது. வாசகர் வட்டத்தில் நானும் ஒரு உறுப்பினர். ராமசாமியிடம் போய்ப் பேசினேன். இலாகாவில் படத்துக்கெல்லாம் பணம் தரமாட்டார்கள், ஜனங்களே செலவு செய்துகொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை, அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். சொன்னபடி வாங்கியும் தந்தார். ஜனங்களிடம் யார் போய்க் கேட்பது என்று வந்தபோது டவுனில் இருக்கிற பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

சின்னத்தாயி போனாள். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கார்த்திகை தொடங்கி வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி ஒவ்வொரு ஊராகப் போனாள். ஜனங்களிடம் பொதுக் காரியத்துக்கு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் மஞ்சள் துணியில் மடி ஏந்தி வீடு வீடாக வருவார்கள். அவளும் ஒரு வேட்டித் துண்டை மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டு எடுத்துக்கொண்டாள். ஒரு வித்தியாசம், அவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இவள் பின்பக்கமாகப் போய், "அக்கா" என்று குரல் கொடுத்து, அடுப்படிப் பெண்களிடம் மட்டும் கேட்டாள். பெண்களுக்குத்தான் அவளைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தங்கள் பிள்ளைகளை வைத்துக்கொள்கிறவள் அல்லவா? ஒரு வீட்டில் மிளகு கொடுத்தார்கள், ஒரு வீட்டில் காப்பிக்கொட்டை, இன்னொரு வீட்டில் ராகி. வாழவந்தி ஊர்க்கவுண்டர் அங்கப்பனின் மனைவி கண்ணாயி ஒரு கூடை ஆரஞ்சைக் கொட்டினாள். எல்லாம் என் கடைக்கு வந்தது. நான் விற்று வர்ணம் வாங்கினேன். என் கடை அந்தக் குளிர்காலம் முழுக்க மிளகு வாசனை அடித்தது.

அந்த மஞ்சள் துணியில்தான் வினை இருந்தது. மலையில் மஞ்சள் துணியில் போட்டது சாமிக்குப் போட்டது. அவள் அதை நினைக்கவில்லை, சுவரில் படம் எழுதக் கேட்கிறேன் என்று சொல்லித்தான் கேட்டாள். கொடுத்தவர்களும் படத்துக்கு என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். ஆனால் வரி என்று கொடுத்தாயிற்று என்றால் அதற்கு உண்டான முறை எல்லாம் பின்னால் வரும் என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை.

தை பிறந்து சுவர் ஈரம் காய்ந்ததும் சேலத்திலிருந்து கந்தசாமியை வரவழைத்தோம். கோயில் கோபுரத்துப் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிற ஆள். கதையைப் பிள்ளைகள் வாயாலேயே கேட்டுக்கொண்டு வரைந்தார். பனியைப் பார்த்தால் நமக்குக் குளிரெடுத்தது. கரடியின் முதுகு ரோமத்தைத் தடவிப் பார்க்காத பிள்ளை இல்லை. அவர் கோயில் வேலைக்காரர் ஆயிற்றே, பழக்க தோஷம், எல்லாப் படத்திலும் எல்லார் கண்ணையும் கடைசிக்கு என்று விட்டுவைத்தார். அந்தப் பெண் பிள்ளை ஒவ்வொரு படத்திலும் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையோடு நின்றாள்.

ராசாத்தி என்று ஒரு வாழவந்திக் குட்டி. அவள் அந்தப் படத்தையும் சின்னத்தாயியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்கு ஒண்ணாச்சும் இருக்குது. பாவம், இவளுக்கு ரெண்டுமே இல்லியே" என்றாள்.

நானும் அப்போது அங்கே இருந்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னத்தாயி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு வரும் சாமி. நொம்ப நல்ல கண்ணா ரெண்டு வரும். கொஞ்சம் பொறு" என்றாள்.

சந்தைக்கு வந்த பெரியவர்களும் தங்கள் வரியில் எழுதின படத்தை எட்டிப் பார்த்தார்கள். பார்த்த உடனே அவர்களுக்குப் புரிந்துவிட்டது, இன்னும் கண் திறப்பு ஆகவில்லை. அங்கப்பக் கவுண்டர் பஞ்சாங்கம் பார்த்து, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று நேரம் குறித்துவிட்டார். கண் திறக்கும்போது சாமி முதன்முதலில் பார்ப்பது மங்கலமானதாக இருக்கவேண்டும், கன்றோடு பசு வேண்டும், அதைத் தாங்களே கொண்டுவருவதாகவும் சொல்லி அனுப்பினார். ராமசாமிக்கு வேர்த்துவிட்டது. "இது லைப்ரரிங்க" என்று என்னிடம் வந்து அழாத குறை. "அதைக் கவுண்டரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றேன். அவர் போகவில்லை.

கண் திறப்புக்கு முந்தின நாள் சின்னத்தாயி கடைக்கு வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு நான் வெடியக்காலம் வந்து கூட்டிக் கோலம் போட்டுட்டுப் போயர்றனுங்க. லைப்ரேரியன் ஐயா கேட்டா மேலுக்குச் சரியில்லைன்னு சொல்லிப்போடுங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கினதும் குரல் ஏறிவிட்டது. "உனக்குப் பைத்தியமா? யோசனை உன்னுது, கதை உன்னுது, ஊர் ஊரா அலைஞ்சது நீ. நாளைக்கு நீ இல்லாம என்ன கண் திறப்பு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"பாக்கோணும்னு எனக்கும் ஆசதானுங்க. அதுவும் அந்தப் புள்ள கண்ணத் தொறக்கறத... ஆனா அது மொதமொதல்ல பாக்கறது என்ற மூஞ்சியா இருந்துட்டா? அப்பறம் ஒரு குழந்தையும் அந்த ரூமுக்கு வராமப் போயிட்டா? செவுரு வெடிச்சுப் போனாக்கூட என்னாலதான்னு எனக்குத் தோணிட்டே இருக்குமுங்க. வேண்டாமுங்கண்ணா."

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லலாம். நாற்பது வருஷம் மரத்துக்குப் பின்னால் நின்றவளிடம் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? அவள் போய்விட்டாள். அன்றைக்குக் கடைப்பையனுக்கு நிறையத் திட்டு விழுந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நூலகத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். பம்பை அடித்துக்கொண்டு வாழவந்திக்காரர்கள் வந்துவிட்டார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்று அடித்தார்கள். ஒருவர் கையில் சேவல் இருந்தது. ராமசாமி அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட, கவுண்டர் மனமிரங்கி, பூசணிக்காய் உடைத்தால் போதும் என்றார். பசு படியேற மறுத்துவிட்டது. முன்னால் இரண்டு பேர் இழுத்து, பின்னால் இரண்டு பேர் தள்ளி, அது நூலக வாசலிலேயே சாணி போட்டதுதான் மிச்சம்.

நான் கூட்டத்தில் சின்னத்தாயியைத் தேடினேன். காணோம். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை, உள்ளே வரவும் மனசு வரவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

உள்ளே நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கந்தசாமி மெல்லிய தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் படத்துக்கு முன்னால் நின்றார். கிண்ணத்தில் மலைத்தேன் தயாராக இருந்தது. பசு வராது என்று ஆனபிறகு யாரை நிறுத்துவது? டவுன் பெரிய மனிதர் ஒருவர், அதுவரை பத்துப் பைசாவுக்கு வேலை செய்யாதவர், சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அங்கப்பக் கவுண்டர் அவரைக் கையால் தடுத்துவிட்டுக் கந்தசாமியைக் கேட்டார்.

"ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. இது என்ன சாமிங்க?"

"சாமி இல்லீங்க. கதையில வர்ற புள்ளைங்க. சந்தைக்குப் போற புள்ள."

கவுண்டர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். ராமசாமி, ஐயோ வரிப்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா பசு எதுக்கு?" என்றார் கவுண்டர். "சாமி கண்ணத் தொறந்தா பசுவப் பாக்கோணும், சரி. இது புள்ள. புள்ள கண்ணத் தொறந்தா பெத்தவளத்தான பாக்கும்? இதுக்குத் தாயாரு?"

கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் மனைவி கண்ணாயியின் குரல் வந்தது.

"ஊடூடா மடியேந்தி வந்தது ஆரு? மழையில நனஞ்சுட்டு எங்க ஊட்டுக்குப் பின்னால வந்து நின்னது ஆரு? அவதான். எங்க அவ?"

நான் கையைக் காட்டினேன். கண்ணாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். போனவள் வெறுங்கையோடு வரவில்லை. சின்னத்தாயியை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சின்னத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள்.

"வேண்டாமுங்க கவுண்டரய்யா. நல்ல காரியமுங்க. என்ற கண்ணு..."

"கண்ணப் பத்தி ஆரு கேட்டா?" என்று அதட்டினார் அவர். "என்னப் பெத்த ஆயிக்கு மூக்கு கோணலு. பொறந்தப்ப அதப் பாத்துட்டு நானென்ன அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டனா? தாயா வந்து நில்லுன்னு கூப்பிடறன். நேரம் போகுது, வா."

அப்போது ராசாத்தி ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கூட இருந்த பிள்ளைகளும் ஓடின. அவ்வளவு பேர் சேர்ந்து இழுத்தபோது நிலையைப் பிடித்த கை விட்டுப்போயிற்று.

படத்துக்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கந்தசாமி தூரிகையைத் தேனில் தொட்டு வெள்ளையின் மேல் ஒற்றினார். பிறகு வேறு தூரிகையில் கறுப்பை எடுத்து, ஒரு பக்கம் ஒரு வளைவு, நடுவில் ஒரு பொட்டு, மறுபக்கம் ஒரு வளைவு, ஒரு பொட்டு. விலகிக்கொண்டார்.

அந்தப் பெண் பிள்ளை சின்னத்தாயியைப் பார்த்தாள். நான் சும்மா சொல்லவில்லை, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பம்பை அடிக்கிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

சின்னத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். தழும்பு முகமெல்லாம் கண்ணீர். கையை நீட்டினவள், வர்ணம் ஈரம் என்று நினைவு வந்து தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"நொம்ப நேரம் காக்க வெச்சுட்டனா, சாமி?" என்று படத்துப் பிள்ளையிடம் கேட்டாள்.

டவுன் பெரிய மனிதர் உட்பட அந்த அறையில் அழாத ஆள் இல்லை. ராமசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் கண் தெரியவில்லை, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மறுநாள் திங்கட்கிழமை. பதினோரு மணி வாக்கில், வாழவந்தி பஸ்ஸிலிருந்து கண்ணாயி இறங்கி ஒரு தூக்குப்போசியோடு நூலகத்துக்குப் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பிப் போனாள். என்ன விஷயம் என்று பார்க்கலாமே என்று கடையை விட்டு இறங்கிப் போனேன். நூலகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று ராமசாமி சொல்லிவிட்டாராம். சின்னத்தாயி பின்படியில் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய் படாத சோறு, பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசம்.

"என்ன சாப்பாடு இது?" என்றேன்.

"பத்தியச் சோறுங்கண்ணா. புள்ள பெத்தவ மூணு நாளைக்கு இதத்தான் திங்கோணுமாம். கண்ணாயக்கா நாளைக்கும் கொண்டாந்து குடுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது."

முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேலி செய்ய வாயெடுத்த நான் அப்படியே மூடிக்கொண்டேன். கடையில் சூடாகக் காப்பி இருக்கிறது, ஒரு டம்ளர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"மூணு நாளைக்கு வேண்டாமுங்கண்ணா, புள்ளைக்குச் சேராது" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.